மேல் ரூம் கோழி

நாவல்களில் மனநோய் வந்த பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒல்லியாக, அழகாக இருக்கிறார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறார்கள். பக்கத்து வார்டில் கட்டாயம் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கும் ஒரு சோகம் இருக்கிறது, கையில் கிடார் இருக்கிறது. நான் சேலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் பதினெட்டு நாள் இருந்தேன். மே மாதம், மழை என்ற பேச்சே இல்லை. என் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது ஒரு டயர் பட்டறை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவள் ஆத்தூர் ரேவதி. அவளிடம் கிடார் இல்லை, குறட்டைதான் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே படுத்திருந்தபோது என் சித்தி மகள் ஓர் இளையோர் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனைப் பறிகொடுத்த பதினாறு வயதுப் பெண்ணின் கதை. அப்படியே உன் கதை, படி என்றாள். மூன்று தடவை படித்தேன். கோபம் கோபமாக வந்தது. மூன்று தடவையும் அழுதேன், அது வேறு விஷயம். இப்போது கல்லூரிக்கு வந்துவிட்டேன், மாத்திரையும் நின்றுவிட்டது. அந்த நாவலில் விட்டுப்போனதையெல்லாம் நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயாவது ஒரு விடுதியில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது கிடைத்தால் சந்தோஷம்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப்பண்ணை, முட்டைக் கோழிகள். அப்பா, அம்மா, அண்ணன் கௌதம், நான். அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன், படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு பண்ணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன். எங்கள் பக்கத்து விடுதிப் பள்ளி எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காலை நாலரைக்கு மணி அடிக்கும், இரவு பத்தரை வரை படிப்பு, நடுவில் டெஸ்ட், டெஸ்டுகளுக்கு நடுவில் சாப்பாடு. தை மாதம் ஒரு வேதியியல் டெஸ்ட் வந்தது. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து, காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தப் பொய். என்னைக் கூட்டிவர அண்ணன் பைக்கில் கிளம்பினான். பைபாஸில் லாரி மோதி அந்த இடத்திலேயே போய்விட்டான்.

இழவு வீட்டில் வந்தவர்கள் எல்லோரும், காய்ச்சலில் கிடந்த தங்கச்சியைக் கூட்டிவரப் போன பிள்ளை என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஒரு பெரியம்மா அந்த அழுகையிலும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, இப்போது சுடவில்லை என்றார். அது பொய்க் காய்ச்சல் என்று தெரிந்தால் அப்பா அதற்குப் பிறகு என் முகத்தையே பார்க்கமாட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது சின்ன வார்த்தை, அடித்து நம்பினேன். அவருக்கு மிச்சம் நான் ஒருத்திதான். எனக்கும் அந்த முகம் வேண்டும். அதனால் அந்தப் பொய்யை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

விழுங்கியது செரிக்கவில்லை. மாசி பிறக்கும்போதே சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் உடம்பு வராது. குளிக்கப் போவதற்கு மலையேறுவது போல யோசிக்க வேண்டியிருந்தது. நாவலில் வரும் பெண் இந்தக் கட்டத்தில் கவிதை எழுதுகிறாள். நான் தலைகூடச் சீவவில்லை, சிக்கு விழுந்து கிடந்தது. மாடியில் என் அறைச் சுவர் மூலையைப் பார்த்துப் படுத்திருப்பேன். அண்ணனுக்குப் பதில் நான் போயிருக்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நாளைக்கு நூறு தடவை வரும்.

அப்பாவுக்குத் தெரிந்தது கோழி. கோழி சோர்ந்து நின்றால், தீனி எடுக்காவிட்டால், பண்ணைக்காரர்கள் வரிசையாகச் செய்வது சில உண்டு. தண்ணீரைப் பார்ப்பார்கள், தீவனத்தை மாற்றுவார்கள், வெளிச்சத்தைக் கூட்டுவார்கள். முட்டைக் கோழிக்கு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும், வெயில் போதாத நேரத்துக்கு விளக்குப் போட வேண்டும். அப்பா என் அறைக்குத் தண்ணீர் வரும் தொட்டியைக் கழுவினார். ராகிக் களி, ஆட்டுக்கால் சூப், கம்மங்கூழ் என்று வாரம் ஒரு தீவனம் மாற்றினார். எதற்கும் நான் அசையவில்லை. ஒரு நாள் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து என் அறையில் நான்கு டியூப்லைட்டைப் போட்டு, பண்ணையில் மிஞ்சியிருந்த டைமரையும் மாட்டிவிட்டார். காலை நான்கு மணிக்கு டப்பென்று எரியும், இரவு எட்டு மணிக்கு அணையும். விடுதி மணியைவிட அரை மணி நேரம் முன்னதாக எழுப்பிவிட்டது அந்தப் பாழாய்ப்போன டைமர். கோழிக்குக் கொடுக்கும் ஈரல் டானிக்கை ஒரு மூடி ஊற்றிக்கொண்டு மாடி ஏறியவரை அம்மா படியிலேயே மறித்து வாங்கிக் கொட்டினார். அன்றைக்கு அம்மா போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

சித்திரை மாதம் வழக்கம்போலப் பண்ணைக்குக் கோழி டாக்டர் வந்தார். மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். அப்பா அவரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். இந்தக் கதையை அப்பாவே பின்னால் வார்டில் எல்லோருக்கும் சொன்னார்.

“ஏனுங்க டாக்டரே, ஒண்ணு மட்டும் தீனி எடுக்க மாட்டேங்குது. மூலையிலயே கெடக்குது. லைட்டுக்கூட வெச்சுப் பாத்தாச்சுங்க.”

“எத்தனாவது ஷெட்டுங்க?”

“ஷெட்டு இல்லீங்க. மேல் ரூமுங்க.”

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தாராம். இது என் வேலை இல்லைங்க, ஆனால் வைத்தியம் இருக்கிறது, நாளைக்கே போங்க என்று சேலத்தில் இருக்கும் டாக்டரம்மா ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார். கோழி டாக்டரிடம் மகளைக் காட்டினேன் என்று நினைத்துக்கொள்ளாதே என்று அப்பா என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்டார். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஊரில் இத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுப் போனதில் சரியாகக் கண்டுபிடித்தது அவர் ஒருவர்தான்.

மருத்துவமனையில் காத்திருக்கும் இடத்தைப் பற்றி அந்த நாவலில் ஒரு வரிகூட இல்லை. வாழ்க்கையில் பாதி அங்கேதான் போகிறது. எல்லோரும் முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருப்போம், தெரிந்தவர்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று. எங்களுக்கு எதிரே கர்ச்சீப்பால் மூடியிருந்தவர் கர்ச்சீப்பை எடுத்ததும் பார்த்தால் எங்கள் தீவன ஏஜென்ட். அவரும் அப்பாவும் ஒரு நிமிடம் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு மக்காச்சோள விலையைப் பேச ஆரம்பித்து, டோக்கன் கூப்பிட்டதுகூடக் காதில் விழாமல் பேசினார்கள்.

முதலில் ரத்தப் பரிசோதனை. மனசுக்கு எதற்கு ரத்தம் என்று அம்மா கேட்டார். தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், அது இல்லை என்று தெரிந்துகொண்டுதான் மேலே போக முடியும் என்று டாக்டரம்மா சொன்னார். அடுத்து ஒரு கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, இருப்பதைவிட இல்லாமல் போவது மேல் என்று தோன்றியதா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் இருபத்தேழு. நான் இருபத்தொன்று வாங்கினேன். அப்பா பழக்கதோஷத்தில், பரவாயில்லையே, நல்ல மார்க்குதானுங்களே என்றார். கூடினால் மோசம் என்று டாக்டரம்மா விளக்கினார். அப்பாவின் முகம் செத்துப்போனது. இத்தனை மாதத்தில் எனக்கு உதட்டோரம் ஒரு துளிச் சிரிப்பு வந்தது அப்போதுதான்.

எனக்கு வந்தது மனச்சோர்வு நோய். சும்மா சோகம் இல்லை, நோய். வித்தியாசத்தை டாக்டரம்மா இப்படிச் சொன்னார்: துக்கத்தில் இருப்பவர் போனவரை நினைத்து அழுவார், நடுவில் ஒரு பழைய கதையைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார். இந்த நோயில் சிரிப்பு முற்றிலும் அடைபட்டுவிடும், நாம் எதற்கும் லாயக்கில்லை, நாம்தான் போயிருக்க வேண்டும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். துக்கம் இந்த நோயைக் கிளப்பிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. எனக்கு இரண்டும் இருந்தன. செத்துப்போகவேண்டும் என்ற எண்ணம் அடிக்கடி வருவதால் சில நாள் உள்ளேயே இருக்கட்டும் என்றார். டியூப்லைட் விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். காலை வெயில் நல்லதுதான், எண்ணமும் நல்ல எண்ணம்தான், ஆனால் இருட்டில் நான்கு மணிக்கு எழுப்பினால் வருகிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும் என்றார். அப்பா அன்று சாயங்காலமே ஊருக்குப் போய் டைமரைக் கழற்றிவிட்டுத்தான் சாப்பிட்டாராம்.

நாவலில் வரும் டாக்டர் முதல் நாளே அந்தப் பெண்ணின் கண்ணுக்குள் பார்த்து, உன்னை எது அரிக்கிறது என்று கேட்கிறார். எங்கள் டாக்டரம்மா ஒரு வாரம் வரை கேட்டதெல்லாம், வெளிக்குப் போனியா, எத்தனை இட்லி சாப்பிட்டே. மாத்திரை உடனே வேலை செய்யாது, இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். குமட்டல் மட்டும் சொன்ன தேதிக்குச் சரியாக வந்தது. வார்டுக்குள் போகும்போது என் பையைப் பிரித்துச் சில பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தது. அவற்றை வாங்கிய வார்டு ஊழியர் அக்கா, என் பையையும் ஒரு காலத்துல இப்படித்தான் பிரிச்சாங்க கண்ணு என்று சாதாரணமாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வெட்கம் பாதியாகக் குறைந்தது.

அம்மா என்னோடு வார்டிலேயே தங்கினார். என் தலைச்சிக்கை நான்கு நாள் உட்கார்ந்து, ஒரு முடியும் வெட்டாமல், எண்ணெய் வைத்து வைத்து எடுத்தார். அப்பா காலையில் முட்டை லோடு ஏற்றிவிட்டு தினமும் வருவார், கையில் ஒரு அட்டை முட்டையோடு. முப்பது முட்டை. கேன்டீனில் கொடுத்து வேகவைத்து வார்டில் எல்லோருக்கும் பங்கு வைப்பார். மூன்றாவது நாளிலிருந்தே நர்ஸுகள் முட்டைக்குப் பயந்து அவர் வரும் நேரத்தில் மருந்து எடுக்கப் போய்விடுவார்கள். ரேவதிக்குப் படபடப்பு நோய். ஒன்றுமில்லாமலே நெஞ்சு அடித்துக்கொண்டு, மூச்சு முட்டி, இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும், பத்து நிமிடத்தில் தானாக அடங்கும். அவளுடைய வீட்டில் ஜவ்வரிசி ஆலை இருந்தது.

“உங்கப்பா முட்டை, எங்கப்பா ஜவ்வரிசி, ரெண்டுமே நோயாளிச் சாப்பாடு. நம்ம ரெண்டு பேருக்கும் நோய் வந்ததுல என்ன ஆச்சரியம் சொல்லு” என்றாள்.

நான் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்டுப் பேசுவதை வைத்து என்னை ஓட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் நான் அவளுடைய தலையணையிடம் ‘கொஞ்சம் நகருங்க’ என்று சொன்னதாக வார்டு முழுவதும் பரப்பிவிட்டாள். சொன்னேனா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். அவளுடைய நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது கையைப் பிடித்து எண்ணுவது என் வேலை. மூச்சை மெல்ல இழு, நான்கு எண்ணு, மெல்ல விடு. அடுத்தவளுக்கு எண்ணும் நேரத்தில் என் தலைக்குள் நூறு தடவை ஓடுவது நின்றிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

ஒன்பதாவது நாள் டாக்டரம்மாவிடம் காய்ச்சல் விஷயத்தைச் சொன்னேன். நானாகத்தான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. இட்லிக் கணக்கைக் கேட்டார், மூன்று என்றேன், அதோடு இதுவும் வந்துவிட்டது. அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார் என்று கெஞ்சினேன். அவர் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி என்னை வற்புறுத்தவும் இல்லை. ஒன்றுதான் சொன்னார்.

“கேள்வியும் நீயே கேக்கற, உங்கப்பா பதிலையும் நீயே எழுதற, திருத்தி சைபர் போடறதும் நீயே. அவருக்குப் பேப்பரே குடுக்கலையேம்மா நீ.”

அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒத்திகை பார்த்தேன். அப்பா வந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். முட்டையைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன். ரேவதியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் தினமும் சாயங்காலம், என்னாச்சு, இன்னைக்காவது சொன்னியா என்று கணக்குக் கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு அலுத்துவிட்டது.

நாவலில் அந்தப் பெண் உண்மையைச் சொன்ன உடனே கதை முடிந்துவிடுகிறது, அடுத்த பக்கத்தில் அவள் கடற்கரையில் ஓடுகிறாள். என் பெரிய புகார் இதுதான். அதனால் நான் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன மறுநாளும் எனக்குக் குமட்டியது. பதினெட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை பிறகும் பல மாதம் ஓடியது, நானாக நிறுத்தக் கூடாது என்று எழுதியே கொடுத்தார்கள். நடுவில் ஒரு தடவை, தை மாதம் திரும்பி வந்தபோது, கீழே விழுந்தேன். மறுபடி சேலத்துக்குப் போனோம், அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள், மேலே வந்தேன். விடுதிக்குத் திரும்பவில்லை, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்ப் படித்தேன். வேதியியல் எனக்கு இன்றுவரை ஓடாது, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் வைத்தியம் இல்லை. ரேவதி இப்போதும் வாரம் ஒரு தடவை போன் செய்து ‘ங்க’ போட்டு ஓட்டுகிறாள். எங்கள் நாமக்கல்லிலிருந்து கடற்கரையில் ஓடப் போவதாக இருந்தால் அரை நாள் பஸ்ஸில் போக வேண்டும்.

இனி சொன்ன நாள். பதினான்காவது நாள், மதியம் மூன்று மணி. சேலம் வரை வந்துவிட்டுச் சும்மா போவதா என்று அம்மா செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போயிருந்தார். அப்பாவும் நானும் கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அப்பா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை.

“அப்பா, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லீங்கப்பா. டெஸ்ட்டுக்குப் பயந்துட்டுப் பொய் சொன்னேன்.”

அப்பா உரிப்பதை நிறுத்தவில்லை.

“அது எனக்குத் தெரியுமே அம்மிணி” என்றார்.

அப்பா முட்டையைத் தட்டில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். நான் போனை வைத்த கையோடு வார்டன் அம்மா மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். காய்ச்சல் எதுவும் இல்லை, டெஸ்ட்டுக்காகத்தான் இப்படிச் செய்கிறாள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறார். இருக்கட்டும், எழுதட்டும் என்றுதான் அப்பா சொல்லப் போனாராம். பக்கத்தில் நின்ற அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான்.

“தங்கச்சிக்குக் காய்ச்சல் உள்ளுக்குள்ள அடிக்குமுங்க, தெர்மாமீட்டர்ல தெரியாதுங்க, நான் வந்து கூட்டிக்கறேன்னான். அந்த வார்டனம்மாளே சிரிச்சுட்டாங்க. அப்பறம் எங்கிட்டச் சொன்னான், பொய் சொல்லிக் கூப்பிடறான்னா அங்க அவளால இருக்க முடியலைன்னு அர்த்தமுங்கப்பா, ரெண்டு நாள் ஊட்டுல வெச்சிருந்து கொண்டுபோய் உட்டுர்லாம்னான். சிரிச்சுக்கிட்டுத்தான் போனான் அம்மிணி.”

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் கிளம்பியிருக்கிறான். நான் ஏமாற்றி வரவழைத்த அண்ணன் ஒருவன் நான்கு மாதமாக என் தலைக்குள் இருந்தான், அப்படி ஒருவன் இல்லவே இல்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். உன் பொய் எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் நீ குன்றிப்போய்விடுவாய் என்று பயந்தேன் என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய உதடு கோணியது. நான் அப்பா அழுது பார்த்ததில்லை, இழவு அன்றுகூட.

“பைக் சாவி எடுத்துக் குடுத்தது நானு. கார்ல போடான்னு சொல்லியிருக்கலாம். தீவன மூட்டை எடுக்கோணும்னு காரை நான் வெச்சுக்கிட்டேன். நாலு மாசமா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கறேன்.”

எனக்குத் தாங்கவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன், முட்டை ஓடு ஒட்டியிருந்தது.

“நீங்க குடுக்கலைன்னாலும் அவன் எப்படியாச்சும் வந்திருப்பானுங்கப்பா. அவனா முடிவு பண்ணி, அவனாக் கெளம்புனான். நீங்க என்னங்கப்பா பண்ணுவீங்க?”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப நீ மட்டும் என்ன சாமி பண்ணியிருப்பே?” என்றார்.

கேன்டீன் என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.